கொக்கிளாய்க்கு வரும் குழந்தை: வண்டியா, கரியரா?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். விடுமுறைக்குக் குடும்பமாக வருகிறார்கள். என் மனைவியின் ஊரான கொக்கிளாயில் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். பேரனுக்கு அப்போது வயது ஒன்றே முக்கால், நிறை பதினொன்றரைக் கிலோ.

“அப்பா, கொக்கிளாயிலை ஸ்ட்ரோலர் தள்ளலாமோ? இல்லாட்டி கரியர் மட்டும் கொண்டு வரவோ?”

கரியர் என்றதும் எனக்குச் சைக்கிளின் பின்புறத் தாங்கிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்களில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் போனது அந்தக் கரியரில்தான். அவள் கேட்டது, குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டித் தூக்கும் துணிப்பட்டியை என்பது பிறகே விளங்கியது. கோடை விடுமுறைதோறும் நூற்றுக்கணக்கான புலம்பெயர் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வன்னிக்கு வருகின்றன. அவர்கள் எல்லோருக்குமே எழுகிற கேள்வி இது என்பதால், இதுபற்றிய என் கருத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இவ்விரண்டு சாதனங்களின் வரலாறு. மடக்கக்கூடிய இலகுரகக் குழந்தை வண்டியை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். விமானங்களின் சக்கரத் தாங்கிகளை வடிவமைத்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த மகள், பாரமான வண்டியோடு பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டு, அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல மடங்கும் வண்டியொன்றை உருவாக்கினார். அதன் நிறை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு பாட்டனின் கரிசனையில் பிறந்த பொருள் என்பதால் எனக்கு அதன்மீது மதிப்பு உண்டு.

கரியரின் கதை வேறு. அமெரிக்கத் தாதியான ஆன் மூர், 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றியபோது, அங்குள்ள தாய்மார் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே எல்லா வேலைகளையும் செய்வதைக் கண்டார். நாடு திரும்பித் தன் மகளுக்காகத் தாயின் உதவியுடன் அதுபோன்ற ஒன்றைத் தைத்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பெருங்கடைகளில் பெரும் விலைக்கு விற்கப்படும் கரியர், ஏழைத் தாய்மாரின் துணித்துண்டிலிருந்து வந்தது. ஏணையில் வளர்ந்து இடுப்பில் ஊர் பார்த்த நமக்கு அதில் அந்நியமாக எதுவும் இல்லை.

வண்டிக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரிய விமான நிலையங்களில் ஒரு வாசலிலிருந்து மற்றொரு வாசலுக்கு நடப்பதே ஒரு பயணம். அங்கே பதினொரு கிலோக் குழந்தையை நெஞ்சில் சுமந்துகொண்டு, பைகளையும் கடவுச்சீட்டுகளையும் கையாள்வது கடினம். குழந்தை தூங்கிவிட்டால் வண்டியே கட்டில். ஆனால், விமானத்தின் வாசலில் ஒப்படைக்கும் வண்டி இடைத்தங்கல் நிலையத்தில் கைக்கு வருமா, கட்டுநாயக்காவில்தான் வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் மகள் கேட்கவில்லை. இடைத்தங்கலில் ஐந்து மணி நேரம் வண்டி இல்லை. கட்டுநாயக்காவில் அது வந்து சேர்ந்தபோது முன்சக்கரம் ஒன்று வளைந்திருந்தது. அந்த ஐந்து மணி நேரமும் கைகொடுத்தது, கைப்பையில் சுருட்டி வைத்திருந்த கரியர்தான்.

இனி ஊருக்கு வருவோம். முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி வழியாகக் கொக்கிளாய் வரை வாகனத்தில் வரலாம். ஆனால் வீதியைவிட்டு இறங்கினால் மணல். வீட்டு முற்றமும் கோயில் வீதியும் வாடிகள் இருக்கும் கரையும் மணல்தான். கைப்பந்தளவு சக்கரங்கள் கொண்ட வண்டி அதில் பத்தடி உருளாது. குழந்தையோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கிச் செல்ல வேண்டியதுதான். புல்மோட்டை வரை நீளும் இந்தக் கரையின் மணலில் இல்மனைற்றுக் கனிமம் கலந்திருக்கிறது. கறுத்த அந்த மணல் நண்பகலில் கொதிக்கும். தரைக்கு நெருக்கமாக அமர்ந்திருக்கும் குழந்தையை அந்த அனல்தான் முதலில் தாக்கும். வெயிலுக்கு மறைப்பாக வண்டியைத் துணியால் மூடினால் நிழல் கிடைக்கும், காற்று நின்றுவிடும். உள்ளே வெப்பம் ஏறும். அதைச் செய்யாதீர்கள்.

கரியரிலும் கவனம் வேண்டும். இரண்டு உடம்புகளின் சூடு ஒன்றுசேர்வதால் மெல்லிய பருத்தித் துணியாலானதைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் மட்டும் நடவுங்கள். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; நாடி நெஞ்சில் புதைந்திருக்கக் கூடாது; முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்ததுபோல் இருக்க வேண்டும். ஓடும் வாகனத்தில் கரியர் பாதுகாப்பு ஆகாது. கட்டுநாயக்காவிலிருந்து வரும் நீண்ட வான் பயணத்துக்குத் தனி ஆசனம் தேவை. கடல்நீரேரியில் படகேறுவதானால் கரியரைக் கழற்றிவிட்டுக் குழந்தைக்கு அளவான உயிர்காப்பு அங்கியை அணிவியுங்கள். மலேரியா ஒழிந்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது, டெங்கு ஒழியவில்லை. ஆகவே நுளம்புவலை அவசியம். முல்லைத்தீவு மாவட்டம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்த மண் என்பதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும் ஆள் நடமாட்டமற்ற பற்றைகளிலும் கால் வைக்காதீர்கள். நடக்கப் பழகிய குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடும் வயதில், கரியரின் பட்டி ஒரு காவலும்கூட.

இவ்வளவும் வசதி பற்றியவை. இன்னொரு காரணமும் எனக்கு உண்டு.

1984 நவம்பர் 30இல் கென்ற், டொலர் பண்ணைகளிலும் மறுநாள் கொக்கிளாய், நாயாற்றிலும் சிங்களக் குடியேற்றவாசிகளும் மீனவர்களும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 2இல் ஒதியமலையில் தமிழர்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். இரு பக்கத்திலும் இறந்தவர்கள் சாதாரண மக்கள். அந்த மாதத்திலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் செய்தி மேசையில் இருந்தேன். தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி, மாரி மழையில், ஒன்றே கால் வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாயாற்றுப் பக்கமாக நடந்து முள்ளியவளையை அடைந்தாள். ஊர்கள் வெறுமையாகின என்ற செய்தியை எழுதிய எனக்கு, என் வீட்டார் எங்கே என்று ஆறு நாட்கள் தெரியாது. 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே அம்மக்கள் மீளக் குடியேற முடிந்தது. காணிப் பிரச்சினைகள் இன்னும் தீரவில்லை.

அந்த இடுப்புப் பிள்ளைதான் நாற்பது வயதில் தன் பிள்ளையோடு வந்திறங்கிய மகள். வளைந்த சக்கரத்தோடு வண்டி வவுனியா வீட்டில் கிடக்க, மகனை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவள் கொக்கிளாய் ஒழுங்கையில் நடந்தாள். அயல்வீட்டு ஆச்சி ஒருவர் பட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நல்லதடி பிள்ளை. இது அப்ப இருந்திருந்தா எங்கடை மற்றக் கை மிஞ்சியிருக்கும்” என்றார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அன்று அவளுடைய மற்றக் கையில் இருந்தது ஒரு துணிமூட்டை. உறுதியும் படங்களும் வைத்த தகரப்பெட்டியைத் தூக்கக் கையில்லாமல் வீட்டிலேயே விட்டு வந்தவள் அவள்.

மாலையில் கடல்நீரேரிக் கரைக்குப் போனோம். 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தாயின் தோளுயரத்திலிருந்து பேரன் கொக்குகளைக் காட்டிக் காட்டிக் கத்தினான். வண்டியில் இருந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருப்பது எங்கள் முழங்கால்களும் நாணற்புற்களும்தான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. முதுகுவலி உள்ளவர்கள், மகப்பேற்றுக்குப் பின் உடல் தேறாதவர்கள், நடக்க இயலாத பெரிய பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் வண்டியைக் கொண்டுவரத்தான் வேண்டும். அவர்கள் பெரிய சக்கரம் பூட்டிய உறுதியான வண்டியாகப் பார்த்து வாங்கட்டும். என்னைப்போன்ற பாட்டன்மாரும் கரியரைக் கட்டி வீரம் காட்ட வேண்டாம். கால்மணி நேரத்தில் இடுப்பு பதில் சொல்லிவிடும்.

மற்றவர்களுக்கு என் முடிவு இது. இரண்டையும் கொண்டுவர முடிந்தால், மலிவான மடக்கு வண்டி விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும், கரியர் ஊருக்கு. ஒன்றுதான் என்றால் கரியர். மிஞ்சும் கையால் ஊரில் இருக்கும் வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். அவர்களுக்கும் மணலில் நடப்பது இப்போது சிரமம்.