மெய்யும் நிழலும் கலக்கும்போது

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையில் ஒலி-ஒளிக் காட்சியைக் கண்டு களித்தவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர். இருள் சூழ்ந்த முற்றம். ஓங்கிய தூண்களின்மேல் வண்ண விளக்குகள் மாறி மாறி விழும். கண்ணுக்குத் தெரியாத ஒலிபெருக்கிகளிலிருந்து அரசன் பேசுவான். கண்ணகி நீதி கேட்பாள். தூண் மெய்யானது, குரல் செய்து சேர்த்தது. இரண்டும் ஒன்றாகி நம் உள்ளத்தில் பதியும். இக்காலத்தில் 'கலப்பு மெய்ம்மை' என்று பேசப்படும் தொழில்நுட்பத்தின் உட்பொருளை அறிய இதுவே நல்ல வாயில்.

விர்ச்சுவல் ரியாலிட்டி, ஆக்மெண்டட் ரியாலிட்டி, மிக்சட் ரியாலிட்டி என்னும் மூன்று பெயர்களும் இன்று கடை விளம்பரங்களில் மட்டுமன்றிப் பள்ளிகளின் அறிவிப்புகளிலும் இடம்பெறுகின்றன. தமிழில் இவற்றை முறையே மெய்நிகர் உண்மை, மிகை மெய்ம்மை, கலப்பு மெய்ம்மை என்பர். மூன்றும் ஒன்றுதானா, வேறு வேறா என்று பெற்றோர் மயங்குவது இயல்பே.

நம் ஊரைக் கொண்டே தெளிவோம். 1636-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறையக் காற்பங்கே என்பர். அழிந்த பகுதியின் அடையாளமாக, அருகில் துணிக்கடைகள் நெருங்கிய சந்தில் பத்துக் கருங்கல் தூண்கள் கூரையின்றி நிற்கின்றன. அவ்விடத்தைப் 'பத்துத்தூண்' என்றே மக்கள் அழைக்கின்றனர்.

அழிந்த அரண்மனை முழுவதையும் கணிப்பொறியில் வரைந்து, கண்களை முற்றிலும் மூடும் கருவியொன்றின் வழியே காட்டுவதாகக் கொள்வோம். உசிலம்பட்டியில் அமர்ந்திருப்பவரும் சிங்கப்பூரில் அமர்ந்திருப்பவரும் அதனுள் உலாவலாம். பத்துத்தூண் சந்துக்கு எவரும் வரவேண்டியதில்லை. இது மெய்நிகர் உண்மை.

அச்சந்திலேயே நின்று கைப்பேசியைத் தூண்களை நோக்கிப் பிடிக்கிறோம். திரையில் தூண்களின்மேல் அவற்றின் வரலாறு எழுத்தாகத் தோன்றுகிறது. ஒரு கூரையின் படமும் படிகிறது. உள்ள காட்சியின்மேல் ஒன்றை ஒட்டிக் காட்டும் இது மிகை மெய்ம்மை.

மூன்றாவதில், அணிந்திருக்கும் கண்ணாடி அவ்விடத்தையே அளந்து அறிகிறது. வரைந்த வளைவு மெய்யான தூணின் தலையில் சரியாக அமர்கிறது. நாம் சுற்றி நடந்தாலும் அது இடம் பெயர்வதில்லை. துணிமூட்டை சுமந்து ஒருவர் குறுக்கே சென்றால் வரைந்த சுவர் அவருக்குப் பின்னே மறைகிறது. செய்த பொருள் மெய்ப்பொருளுக்கு இடங்கொடுத்து நடந்துகொள்கிறது. வணிக உலகில் கலப்பு மெய்ம்மை எனப்படுவது பெரும்பாலும் இதுவே.

ஆயினும் அறிஞர் வகுத்த பொருள் இதனினும் விரிந்தது. 1994-ஆம் ஆண்டில் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ என்னும் இருவர் ஒரு கோட்டைக் கற்பனை செய்தனர். அதன் ஒரு முனையில் முழு மெய். மறு முனையில் முழுப் புனைவு. இடைப்பட்ட பரப்பு அனைத்தும் கலப்பு மெய்ம்மை. இக்கணக்கின்படி மிகை மெய்ம்மையும் அதனுள் அடங்கும் ஒரு பகுதியே.

இக்கலப்பு நேற்று முளைத்ததன்று. 1968-இல் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் உருவாக்கிய தலைக்கருவி, மெய்யான அறையின் நடுவே கோடுகளாலான உருவங்கள் மிதப்பதாகக் காட்டிற்று. அதனைத் தாங்கக் கூரையிலிருந்து ஓர் அமைப்பைத் தொங்கவிட வேண்டியிருந்தது! பின்னாளில் பெயர்கள் வணிகத்திற்கேற்ப வளைந்தன. 2017-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'மிக்சட் ரியாலிட்டி' என்னும் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்த கருவிகள், உண்மையில் கண்ணை மூடும் மெய்நிகர்க் கருவிகளே. அந்நிறுவனத்தின் ஹோலோலென்ஸ் கண்ணாடியோ கலப்புக்கென்றே பிறந்தது; அதன் உற்பத்தி 2024-இல் நின்றுவிட்டது. 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3, 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ ஆகியவை கண்ணை மூடியபடியே, வெளியுலகைக் கேமரா வழியே உள்ளே காட்டுகின்றன. முன்பு பிரிந்து நின்ற வகைகள் ஒரே கருவிக்குள் கூடுகின்றன. ஆகவே பெயரைக் கேட்டு மயங்காமல், 'கண்முன் உள்ள மெய்ப்பொருளை இக்கருவி என்ன செய்கிறது? மறைக்கிறதா, அதன்மேல் ஒட்டுகிறதா, அதற்கு இடங்கொடுக்கிறதா?' என்று கேட்பதே அறிவுடைமை.

இவற்றுள் மிகுந்த விழிப்பு வேண்டுவது கலப்புக்கே. முழுப் புனைவு என்றால் குழந்தையும் அறிந்துகொள்ளும். மெய்யோடு கலந்த புனைவு, மெய்யின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொள்கிறது. கண்ணகி வழக்குரைத்த கதை பாண்டியர் காலத்தது. அரண்மனைத் தூண்களோ நாயக்கர் காலத்தவை. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காட்சியைக் கண்ட சிறுவன், கண்ணகி இம்மண்டபத்தில்தான் சிலம்பை உடைத்தாள் என்று நம்பினால் வியப்பென்ன? எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பொய்யான எண்ணம் ஒன்று பிறந்துவிட்டது. வெறும் விளக்கும் குரலும் இதனைச் செய்யுமாயின், தூணோடு ஒட்டி அசையாது நிற்கும் வளைவு எத்துணை நம்பிக்கையை விளைவிக்கும்!

இதற்கு நல்வழியும் நம் அருகிலேயே உண்டு. கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த பழங்கால ஆடவர் இருவரின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. முகத்தின் வடிவை எலும்பு பெரிதும் உணர்த்தும். தோலின் நிறத்தையும் தலைமுடியின் அமைப்பையும் அது சொல்லாது. எது எலும்பு கூறியது, எது மனிதர் கணித்துச் சேர்த்தது என்று பிரித்துணர்ந்து நோக்கின், அம்முகங்கள் அறிவுக்கு விருந்து. பிரிக்காது நோக்கின், ஊகமே வரலாறாகிவிடும்.

நாளை நம் ஊர்ப் பழஞ்சின்னங்களிலும் இத்தகைய கண்ணாடிகள் வரக்கூடும். வரட்டும், வரவேற்போம். ஆனால் எஞ்சிய கல்லை ஒரு நிறத்திலும் ஊகித்து வரைந்ததை வேறு நிறத்திலும் காட்டுமாறு கேட்போம். அதற்கு முன்னரே ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பத்துத்தூணுக்கு அழைத்துச் செல்லுங்கள். அக்கருங்கல்லை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். கூரை எவ்வாறு இருந்திருக்கும் என்று அவர்களையே முதலில் எண்ணச் செய்யுங்கள். பின்னர்க் கருவி காட்டும் கூரையை அவர்கள் கேள்வியோடு நோக்குவர்.