சான்றிதழ் கோர்ஸில் சேரும் முன் எக்ஸெல்லிடம் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் முதலில் படம் பார்க்கிறார்கள், பிறகு பாட்டு கேட்கிறார்கள். எக்ஸெல் ஐகானை மட்டும் "அது ஆபீஸ்காரர்களுக்கு" என்று தொடாமல் விட்டு விடுகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டில் அதிகம் பயன்பட வேண்டிய புரோகிராம் அதுதான். அதிலும் பிள்ளையைத் தொழிற்பயிற்சியில் சேர்க்க நகையை அடகு வைக்க நினைக்கும் வீட்டில், முதலில் திறக்க வேண்டியது எக்ஸெல்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பிளஸ் டூ முடித்தவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உடனே ஷூ கம்பெனியில் ஹெல்பராகச் சேர்வது. மற்றொன்று, காலணித் தயாரிப்பில் சான்றிதழ் கோர்ஸ் படிப்பது. இப்படிப்பட்ட குறுகிய காலத் தொழிற்படிப்புக்காகவே சமுதாயக் கல்லூரிகள் வந்தன. இந்தியாவில் முதலாவதைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995ல் தொடங்கியது. படிப்பு நல்லதுதான். ஆனால் எல்லோரும் "பீஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறார்கள். அது கால்வாசிக் கணக்குகூட இல்லை.

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். பி காலத்தில் வரிசையாக இவற்றைப் பதியவும். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்து மாற்றிக் கொள்ளுங்கள்.

பி1: கட்டணம் - 20000
பி2: படிப்பதால் ஆகும் கூடுதல் மாதச் செலவு - 1500
பி3: கோர்ஸ் மாதங்கள் - 12
பி4: படிக்கும்போது இழக்கும் மாதச் சம்பளம் - 9000
பி5: பயிற்சியில் கிடைக்கும் மாத உதவித்தொகை - 0
பி6: முடித்த பின் மாதச் சம்பளம் - 12000
பி7: படிக்காமல் அந்த ஓராண்டும் வேலை பார்த்திருந்தால் கிடைக்கும் சம்பளம் - 10000

இனி பார்முலா. பி8ல் =பி1+(பி2+பி4-பி5)*பி3 என்று டைப் செய்து என்டர் தட்டவும். (செல் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) 1,46,000 என்று வரும். இதுதான் உண்மையான செலவு. பி9ல் =பி6-பி7 கொடுங்கள். 2,000 வரும். பி10ல் =பி8/பி9 கொடுத்தால் 73 கிடைக்கும். அதாவது போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டு ஒரு மாதம் ஆகும்!

இப்போது பி1ல் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். 63 மாதம் என்று காட்டும். கட்டணமே இல்லாத கோர்ஸாக இருந்தும் பத்து மாதம்தான் குறைகிறது. பெரிய செலவு பீஸ் அல்ல, இழக்கும் சம்பளம். அதனால்தான் உதவித்தொகையுடன் கூடிய அப்ரண்டிஸ் பயிற்சியை முதலில் தேடச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 2019ல் விதிகளைத் திருத்தியபோது மாதக் குறைந்தபட்சத் தொகை படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைக்கப்பட்டது. பி1ஐப் பூஜ்யமாகவே விட்டு, பி5ல் 6000 என்று பதிந்தால் 63 மாதம் 27 ஆகி விடுகிறது.

ஆனால் இதே சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே கணக்கு அல்ல. ஆம்பூர் பகுதியில் வீட்டிலிருந்தபடியே ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகம் தைத்துத் தரும் பெண்கள் பலர். ஒருவருக்கு அதில் மாதம் 3000 கிடைப்பதாக வைத்துக் கொள்வோம். மற்ற எண்களைப் பழையபடி ஆக்கி, பி4, பி7 இரண்டிலும் 3000 போடுங்கள். எட்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் வரும். பி.எப்., ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையும் கிடைத்தால் லாபம் இன்னும் அதிகம். கம்பெனி சான்றிதழ் கேட்காமலே அவரை ஹெல்பராக எடுக்கும் என்றால், அவருக்கும் முதல் கணக்கே பொருந்தும்.

பி6ல் எதைப் போடுவது என்பதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. விளம்பரத்தில் உள்ள சம்பளத்தைப் போடாதீர்கள். போன வருடம் முடித்தவர்கள் நான்கு பேரைத் தேடிப் பிடித்து, கையில் வாங்கும் சம்பளத்தைக் கேளுங்கள். பேட்டர்ன், கேட் டிசைன், மெஷின் பராமரிப்பு என்று வேறு கம்பெனிக்கும் எடுத்துப் போகக்கூடிய திறமை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளம் 15000 ஆனால் முதல் கணக்கின் 73 மாதம் 29 ஆகக் குறைகிறது.

கடைசியாக, பி6ஐ 11000 ஆக்கி ஒரு முறை பாருங்கள். 146 மாதம் காட்டும். இதுவும் நடக்கக் கூடியதே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதம் வரை உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பிய தோல் ஊர்கள் கலங்கின. ஆர்டர் குறைந்தால் ஓவர்டைமும் குறையும். அடகு வட்டி மட்டும் குறையாது. எனவே அந்த வட்டியையும் பி1ல் சேர்த்து விடுங்கள்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் பத்து செல்களை நிரப்புங்கள் என்கிறேன். பைலை சேவ் செய்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஏனெனில் அந்த மாதங்கள் அவர்களுடையவை.