மண் வேண்டாம், கழிவுநீர் போதும்... பூ பூக்குமா?

தேக்காவில் ஒரு பூமாலை வாங்குகிறீர்கள். ஆரஞ்சு நிறத்தில் பந்து பந்தாகச் செண்டுமல்லி. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் போடப் போகிறீர்கள்.

"இது எங்கே வளர்ந்த பூ?" என்று கடைக்காரரிடம் கேட்கிறீர்கள். "கழிவுநீரைச் சுத்திகரித்து, மண்ணே இல்லாமல் வளர்த்தது" என்று அவர் சொன்னால்?

கை கொஞ்சம் தயங்கும், இல்லையா?

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் மயாமி நகரில் ஏறக்குறைய இதைத்தான் செய்து பார்த்தார்கள். அங்குள்ள கால்வாய்களில் உரம் கலந்த மழைநீரும், வீடுகளின் கழிவுத்தொட்டிகளிலிருந்து கசியும் நீரும் சேர்கின்றன. ஃபுளோரிடா அனைத்துலகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நீரில் மிதக்கும் பாய்களை விட்டார்கள். பாய்களில் துளை போட்டு, செண்டுமல்லி நாற்றுகளைச் செருகினார்கள். வேர்கள் நேராகத் தண்ணீருக்குள். மண் கிடையாது. தனியாக உரமும் போடவில்லை.

விற்கக்கூடிய தரத்தில் பூக்கள் வந்தன. தொட்டிகளில் நடத்திய சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. செடி இல்லாத நீரோடு ஒப்பிட்டால், செடிகள் இருந்த நீரில் 52 விழுக்காடு கூடுதலாகப் பாஸ்பரஸும் 28 விழுக்காடு கூடுதலாக நைட்ரஜனும் அகன்றன. முடிவுகள் 2024ஆம் ஆண்டு வெளியாயின. பூவும் கிடைத்தது, தண்ணீரும் ஓரளவு சுத்தமானது.

அப்படியென்றால் நம் ஊரிலும் செய்யலாமே? அவசரப்பட வேண்டாம். இதில் சில சிக்கல்கள் இருக்கின்றன.

ஏன் பூ? கீரை ஏன் இல்லை?

காரணம் எளிது. பூவை நாம் சாப்பிடுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைப் பாருங்கள். மறுபயனீட்டு நீரைக் கொண்டு பயிர் செய்வதற்கான அந்த விதி 2023 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. பச்சையாகச் சாப்பிடும் பயிரில் உண்ணும் பகுதியைத் தொடும் நீர் என்றால், 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி 10க்கு மேல் இருக்கக்கூடாது. தொழில்துறைக்கான பயிர், எரிபொருளுக்கான பயிர் என்றால் 10,000 வரை விடுகிறார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

சுத்திகரிப்பைக் குறைத்தால் செலவும் மின்சாரமும் குறையும். அதனால்தான் சாப்பிடாத பயிர்மீது எல்லாருக்கும் கண்.

ஆனால் பூந்தோட்டத்தில் வேலை செய்பவர்? நாள் முழுதும் ஈரத்தில் கை வைப்பவர் அவர்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டி சாப்பிடுபவரை மட்டும் பார்க்கவில்லை. வயலில் வேலை செய்பவர், பக்கத்தில் குடியிருப்பவர் என்று எல்லாரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நம் வழக்கமோ இன்னும் ஒரு படி நெருக்கம். பூவைத் தலையில் வைக்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். ஆக, "சாப்பிடவில்லை, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன" என்று இங்கே சொல்லிவிட முடியாது.

மண்ணில்லா முறைக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. தண்ணீர் குழாய்க்குள்ளேயே, வேருக்குக் கீழேயே ஓடினால், பூவின்மீது தெறிப்பதில்லை. தெளிப்பான் வைத்து மேலேயிருந்து பீய்ச்சினால் அந்த அனுகூலம் போய்விடும்.

புதுநீர் இருக்கிறதே, அது போதாதா?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி இது. பயன்படுத்திய நீரை நுண்வடிகட்டி, எதிர்மறைச் சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என்று மூன்று கட்டங்களில் சுத்திகரித்துப் புதுநீர் தயாரிக்கிறார்கள். 2003ஆம் ஆண்டிலிருந்து இது விநியோகத்தில் இருக்கிறது. நாட்டின் நீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை இதனால் ஈடுகட்ட முடியும்.

வேடிக்கை என்னவென்றால், பூச்செடிக்கு இது அளவுக்கு மீறிச் சுத்தம்!

செடிக்கு வேண்டிய நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாவற்றையும் அந்தச் சவ்வு பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அதில் பூ வளர்க்க, எடுத்த உரத்தையே மறுபடி காசு கொடுத்து வாங்கிக் கலக்கவேண்டும். உள்ளதை எடுத்துவிட்டு ஊரில் கடன் வாங்கிய கதை.

போதாததற்கு, சில்லு தயாரிக்கும் ஆலைகளுக்கு இப்படிப்பட்ட தூய நீர்தான் வேண்டும். அவற்றோடு போட்டி போட்டுப் பூந்தோட்டம் தண்ணீர் வாங்குமா? என் கணிப்பு, வாங்காது.

சரி, சவ்வுக்கு முந்தைய கட்டத்திலேயே நீரை எடுத்துக்கொள்ளலாமா? மலேசியாவில் இண்டா வாட்டர் நிறுவனம் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குத் தருகிறது. அத்தகைய நீரில் சத்து மிஞ்சியிருக்கும். ஆனால் எவ்வளவு? மண்ணில்லா முறையில் பூச்செடிக்குப் பொதுவாக லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் நைட்ரஜன் தேவை. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு முடிந்த நீரில் வழக்கமாக இருப்பது 10 முதல் 30 மில்லிகிராம். உரச்செலவில் ஒரு பகுதி மிச்சம், அவ்வளவுதான். "கழிவுநீரே உரம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மயாமியில் மட்டும் எப்படி உரமில்லாமல் வளர்ந்தது? அங்கே கால்வாய் முழுவதும் செடிக்குச் சொந்தம். சத்து மெலிதாக இருந்தாலும் வேருக்குப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். குழாய்க்குள் சுற்றும் அளவான நீரில் அந்த வசதி இல்லை.

யாரும் பேசாத உப்பு

கிருமியைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். தோட்டக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது உப்பு.

நம் சமையலறை, சலவைத்தூள், சிறுநீர் என்று எல்லா வழியிலும் சோடியம் சாக்கடைக்குப் போகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு கிருமியைக் குறைக்கும், அழுக்கை எடுக்கும். கரைந்த உப்பை அது தொடாது.

மண்ணில்லாத் தோட்டத்தில் ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். செடி தண்ணீரைக் குடிக்கும், சத்தை எடுத்துக்கொள்ளும், சோடியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். வாரம் ஆக ஆகத் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இலை ஓரம் கருகும், காம்பு குட்டையாகும். ரோஜாவுக்கும் ஆர்க்கிட்டுக்கும் உப்பு அறவே ஆகாது. கார்னேஷன் கொஞ்சம் தாங்கும். வேறு வழியில்லாமல் தொட்டி நீரை வெளியே கொட்டவேண்டி வரும். அதில் உரமும் இருக்கும். எந்த மாசைக் குறைக்கக் கிளம்பினோமோ அதே மாசு மறுபடி கால்வாய்க்குப் போய்ச் சேரும்.

நெதர்லந்துக்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அங்கே ஜெர்பரா, ரோஜா எல்லாம் பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சில்தான் பெரும்பாலும் வளர்கின்றன. கண்ணாடிக் கூடங்களிலிருந்து உரம் கலந்த நீர் கிட்டத்தட்ட வெளியேறவே கூடாது என்பது 2027க்கான இலக்கு. அவர்கள் முதலில் தேடும் தண்ணீர் எது தெரியுமா? கூரையில் விழும் மழைநீர். அதில் சோடியம் மிகக் குறைவு.

மழைக்கு நமக்கென்ன பஞ்சம்? சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சுத்திகரித்த நீரைப் பாதியாகவும் கூரை மழைநீரைப் பாதியாகவும் கலந்தால் உப்பும் பாதியளவுக்கு இறங்கும். இங்கே வழி பிறக்கும் என்றால் அது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நாட்டின் பரப்பில் 1 விழுக்காடு அளவே பண்ணைகளுக்கு இருக்கிறது. காய்கறியும் முட்டையும் மீனும் காத்திருக்கும்போது பூவுக்கு இடம் எங்கே? கூரைகள்தான் மிச்சம்.

மண்ணில்லாமல் பூவா என்று வியப்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. வீட்டு வாசலில் தொங்கும் ஆர்க்கிட் தொட்டியை எட்டிப் பாருங்கள். கரித்துண்டும் உடைந்த செங்கல்லும்தான் இருக்கும். நாம் பல காலமாகப் பார்த்து வருவதுதான்.

சாமிக்குப் போடலாமா?

இது அறிவியல் கேள்வி இல்லை, மனம் சம்பந்தப்பட்டது. சேற்றில் முளைத்த செந்தாமரையைச் சூட்டும்போது நாம் குளத்துத் தண்ணீரைச் சோதிப்பதில்லை. ஆனாலும் "சாக்கடை" என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் பின்வாங்குகிறது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் "கழிவுநீர்" என்று சொல்வதைத் தவிர்த்து, "பயன்படுத்தப்பட்ட நீர்" என்று சொல்வதற்கும் இந்தத் தயக்கம்தான் காரணம்.

தயங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, யார் சோதித்தார்கள் என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. பூ விற்பவர் அதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வறட்சியான மாதங்களில் புதுநீரை நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். அது மறுபடி சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்க்கு வருகிறது. மாலை வாடாமல் இருக்கக் கடைக்காரர் தெளிப்பதும், கோயிலில் அபிஷேகத்துக்குக் குடத்தில் பிடிப்பதும் அந்தக் குழாய்த் தண்ணீர்தான்.