நூறு தெனாரியத்தின் கனம்

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த நாளில் எந்த நற்செய்திப் பகுதி என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஊரில் வெள்ளம் வந்தாலும் கலவரம் நடந்தாலும் பொதுவாக அன்றைய வாசகம் மாறுவதில்லை. தவக்காலம் மூன்றாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை என்றால் மத்தேயு 18-ம் அதிகாரம், மன்னிக்க மறுத்த பணியாளின் கதை. லத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் ஆலயங்களில் வழக்கமாக இதுதான்.

1995-ல் அந்தச் செவ்வாய் மார்ச் 21-ம் தேதி வந்தது. சரியாக 24 நாட்களுக்கு முன்புதான், பிப்ரவரி 25-ம் தேதி, மத்தியப் பிரதேசத்தில் உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் அருட்சகோதரி ராணி மரியா குத்திக் கொல்லப்பட்டிருந்தார். வயது 41. உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். பயணிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மன்னிப்பைப் பற்றி மறையுரையாற்ற எழும் எந்தக் குருவுக்கும் தர்மசங்கடம்தான்.

கதை தெரிந்ததே. என் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்கிறார். ஏழு என்பதே தாராளம் என்பது அவர் நினைப்பு. இயேசு அந்தக் கணக்கையே கலைத்துவிட்டு, ஓர் அரசனின் கதையைச் சொல்கிறார். பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாள் காலில் விழுகிறான். அரசன் மனமிரங்கி முழுக் கடனையும் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்த பணியாள், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக பணியாளைப் பார்த்ததும் கழுத்தைப் பிடிக்கிறான். கெஞ்சியும் விடாமல் சிறையில் தள்ளுகிறான்.

ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஆக, பத்தாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓய்வில்லாமல் உழைத்தால் தீர்க்க ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். இந்தக் கணக்கைச் சொல்லி மலைக்க வைக்காத மறையுரை அபூர்வம். அதோடு, நூறு தெனாரியம் வெறும் தூசு என்றும் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல். நூறு நாள் கூலி தூசு அல்ல. மூன்று மாதத்துக்கு மேலான சாப்பாடு அது. அன்றாடம் காய்ச்சியிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும். அடுத்தவன் இழைத்த தீங்கு சின்னது என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையில் கழுத்தைப் பிடிப்பவன் கடன் கொடுத்தவன்; பிடிபட்டவன் பலவீனன். மன்னிக்க மறுத்ததற்காக அரசன் கோபிப்பது, கையில் அதிகாரம் இருந்தவனை. ஆனால் இதே வாசகத்தை எடுத்துக்கொண்டு அடி வாங்கும் மனைவியிடமும், கூலி பறிபோனவனிடமும், “மன்னித்துவிட்டுப் போ” என்று உபதேசிப்பது சுலபமாக நடக்கிறது. குரல்வளை நெரிபடுகிறவனிடமே போய், நெரிப்பவன் கையை மன்னிக்கச் சொல்வது போன்றது இது. அதே அதிகாரத்தில் சில வரிகளுக்கு முன்னால், தீங்கு செய்த சகோதரனிடம் நேரில் போய்க் குற்றத்தை எடுத்துச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் மசியாவிட்டால் சபையிடம் சொல் என்று இயேசு வழிமுறையே வகுத்துத் தருகிறார். மூடி மறைக்கச் சொல்லவில்லை.

கடனும் கழுத்துப்பிடியும் உதய்நகர்ப் பக்கத்து ஆதிவாசிகளுக்கு உவமையில் மட்டும் கேட்ட சங்கதிகள் அல்ல. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் புல்லுவழி கிராமத்தில் பிறந்த ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோரிலும் மத்தியப் பிரதேசத்தின் வேறு பகுதியிலும் பணிபுரிந்துவிட்டு, 1992-ல் உதய்நகர் வந்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்தவர்களைக் குழுக்களாகச் சேர்த்தார். வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் வழிகாட்டினார். கையெழுத்துப் போடவும் கணக்குக் கேட்கவும் ஆதிவாசிகள் கற்றுக்கொண்டபோது, அதுவரை அவர்களுக்குக் கணக்கு எழுதி வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கத்தியைப் பிடித்தது ஓர் இளைஞரின் கை. தன்னைத் தூண்டிவிட்டவர்கள் ஊரில் செல்வாக்குள்ளவர்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார்.

அவர் கைதானார், ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது என்பதும் இந்த வரலாற்றில் முக்கியம். மன்னிப்பு என்ற பெயரில் வழக்கு அமுக்கப்படவில்லை. சிறைக்குள் அவரைத் தேடிப்போய்ப் பேசியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பிறகு, 2002-ல் ரக்ஷா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்குப் போனார். அவரும் அதே சபையில் கன்னியாஸ்திரி. அக்காளைக் குத்திய கையில் ராக்கி கட்டினார். ராக்கி திருச்சபையின் சடங்கு அல்ல. கேரளத்து வீடுகளின் வழக்கமும் அல்ல. ஆனால் அந்த மண்ணில் பிறந்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாத மொழி அது.

கொலைக்கும் ராக்கிக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். பேதுரு சொன்ன ஏழு நினைவுக்கு வந்தால் தவறில்லை. இந்த ஏழு ஆண்டுகளிலும் தவக்காலச் செவ்வாய் வந்தது, வாசகம் வாசிக்கப்பட்டது. கேட்ட அன்றே இதயம் இளகிவிட வேண்டும் என்று நற்செய்தி கெடு வைப்பதில்லை. இதயத்திலிருந்து வர வேண்டும் என்பதோடு உவமை முடிகிறது. இதயத்திலிருந்து வருவது கட்டளை போட்டதும் வராது. ‘மன்னித்தாயா, மன்னித்தாயா’ என்று துக்க வீட்டின் கதவைத் தட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

செல்மி பால் ராக்கியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த இளைஞரை விடுவிக்கும்படி குடும்பமும் சபையும் அரசுக்கு எழுதின. 2006-ல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4-ம் தேதி இந்தூரில் கர்தினால் ஆஞ்ஜெலோ அமாட்டோ முன்னிலையில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டபோது, இந்த மன்னிப்பின் கதையும் சேர்ந்தே பேசப்பட்டது. நியாயம்தான். ஆனால் வங்கி மேலாளரின் மேசை முன்னால் ஆதிவாசிப் பெண்களோடு அவர் போய் நின்ற நாட்களைப் பற்றியும் அதே அளவுக்குப் பேசியிருக்கலாம். கத்தி வந்தது அதற்காகத்தானே.

விடுதலையான மறு ஆண்டு, 2007-ல், அந்த இளைஞர் புல்லுவழிக்குப் போனார். ராணி மரியாவின் பெற்றோர் அப்போது உயிரோடு இருந்தார்கள். மொழி தெரியாத ஊரில், அந்த வீட்டுக்குள் போய், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள்.