சின்னப் பெட்டியும் சிக்கனக் கணக்கும்

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மகளின் மகன் கையில் ஒரு கொப்பியுடன் வந்து என் முன்னால் அமர்ந்தான். "அம்மப்பா, நீங்கள் அம்மாவோட ஒருக்காக் கதைக்க வேணும்" என்றான். சாதாரண தரப் பரீட்சையை முடித்தவன். அயல் வீட்டுச் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து உழைத்ததையும், கனடாவிலிருந்து மாமன் பிறந்தநாளுக்கு அனுப்பியதையும் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபா வைத்திருக்கிறான். அந்தப் பணத்தில் விளையாட்டுகளுக்கு உகந்த கணினி ஒன்றைத் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது அவனது ஆசை. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில், தங்கையோடு பகிர்ந்துகொள்ளும் அறையில், அவனுக்கென்று இருப்பது மூன்றடி மேசை ஒன்றுதான். ஆகவே கணினி சிறியதாகவும் இருக்க வேண்டும்.

மகளின் வாதம் சுருக்கமானது. "உயர்தர ரியூஷனுக்குக் காசு வேணும். இந்த நேரத்தில விளையாட்டுப் பெட்டியோ?" முதலில் எனக்கும் அவள் பக்கமே நியாயமாகப் பட்டது. கொப்பியைப் புரட்டிப் பார்த்த பின்னரே என் கருத்தை மாற்றிக்கொண்டேன். புலம்பெயர்ந்த நாடுகளிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கும் என்று நினைப்பதால், அதன் விபரத்தை இங்கே எழுதுகிறேன்.

சிறிய கணினி, குறைந்த செலவு என்ற இரண்டு ஆசைகளும் ஒன்றுக்கொன்று பகையானவை. பொருள் சிறுத்தால் விலையும் குறையும் என்று நாம் எண்ணுகிறோம். கணினியில் அது பெரும்பாலும் தலைகீழ். மினி-ஐரிஎக்ஸ் என்னும் 17 சென்ரிமீற்றர் சதுர மதர்போர்ட்டை வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்தியது. இன்றும் சிறிய கணினி என்றால் பலரும் அதையே நாடுகிறார்கள். ஆனால் அதே வசதிகள் கொண்ட 24.4 சென்ரிமீற்றர் மைக்ரோ-ஏரிஎக்ஸ் போர்ட்டை விட அதற்கு விலை அதிகம். அதற்கேற்ற மிகச் சிறிய கேசிங்குகள் பலவற்றில் வழமையான பவர் சப்ளை நுழையாது. எஸ்எஃப்எக்ஸ் எனப்படும் சிறிய வகையைத் தேட வேண்டும். அதற்கும் விலை கூட. இப்படி இடத்தைச் சேமிக்கப் போய்ப் பணத்தை இழக்கிறோம்.

பேரனின் முதற்பட்டியல் இந்தப் பொறியில்தான் விழுந்திருந்தது. அமெரிக்காவில் இருந்துகொண்டு காணொளி போடுபவர்களைப் பார்த்துத் தயாரித்த பட்டியல் அது. இங்கே டொலரின் கதை வேறு. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு பாகத்திலும் அந்தச் சுமை ஏறியிருக்கிறது.

பத்திரிகையில் நாங்கள் பக்கம் அமைத்த காலத்தில், செய்தியை அச்சுக்கோக்க முன்னர் வெற்றுத் தாளில் பக்கத்தின் டம்மியை வரைவோம். எந்தப் பத்தியில் எத்தனை அங்குலம் என்று தெரிந்த பிறகே செய்தியில் கை வைப்போம். "முதலில் மேசையை அளந்து பார்" என்று பேரனிடம் சொன்னேன். அடிமட்டத்தால் அளந்தான். மைக்ரோ-ஏரிஎக்ஸ் போர்ட் கொள்ளும் சிறிய கேசிங் மேசையின் இடது மூலையில் வசதியாக நிற்கும் என்று கண்டான். மினி-ஐரிஎக்ஸ் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்த கேள்வி, என்ன விளையாடப் போகிறாய் என்பது. அவனும் நண்பர்களும் ஆடுவது பெரும்பாலும் வலோரன்ட். அது பழைய, எளிய கணினிகளிலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டே ஆக்கப்பட்ட விளையாட்டு. அதற்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. கிராபிக்ஸ் திறனையும் தன்னுள் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர் போதும். 2021இல் கடைகளுக்கு வந்த அதன் மின்தேவை 65 வாட் என்று வகுக்கப்பட்டது. மின்கட்டணப் பட்டியலைக் கண்டு நடுங்கும் வீட்டுக்கு இதுவும் ஒரு செய்தி. இத்தகைய பிராசசர், கிராபிக்ஸ் வேலைக்கும் கணினியின் ராமையே கடன் வாங்குகிறது. ஆகையால் 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாகப் பூட்ட வேண்டும். ஒரே துண்டாயின் விளையாட்டின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ராம் விலையையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரி எடுத்ததால் 2025இன் இறுதியில் ராம் விலைகள் கடுமையாக ஏறின. குரூசியல் என்ற பெயரில் சாதாரண நுகர்வோருக்கு ராம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஒரு மாணவனின் உண்டியல் பணம் எங்கோ இருக்கும் தரவு மையத்தோடு போட்டியிட வேண்டிய காலம் இது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவது எப்போதும் சிக்கனமாகாது என்பதை மகளுக்கு எடுத்துச் சொன்னேன்.

கொழும்பில் ஒரு கடையில், வர்ண விளக்குகள் மின்னும் ஆயத்தக் கணினி ஒன்றை "கேமிங் பிசி" என்று சொல்லி ஏறக்குறைய இதே விலைக்குக் காட்டினார்கள். திறந்து காட்டச் சொன்னோம். உள்ளே ஒரே துண்டு ராம். பவர் சப்ளையில் தயாரிப்பாளரின் பெயரே இல்லை. உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சிரிப்புத்தான் பதிலாகக் கிடைத்தது. பவர் சப்ளை பழுதானால் மற்றப் பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது. வேண்டுமானால் விளக்கிலும் கண்ணாடியிலும் மிச்சம் பிடிக்கலாம். எங்கள் வெக்கைக்கு, முன்பக்கம் வலை போட்ட, காற்றோட்டமான சாதாரணக் கேசிங்கே நல்லது. சிறிய பெட்டிக்குள் சூடு சீக்கிரம் தங்கிவிடும்.

பேரனின் இறுதிப் பட்டியலில் கிராபிக்ஸ் அட்டை இல்லை; அதற்கான இடம் மட்டும் இருக்கிறது. என்விடியா 2024இல் வெளியிட்ட ஆர்ரிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்டோடு நின்றுவிடும் அட்டை. கையில் காசு சேரும்போது அப்படி ஒன்றைப் பின்னர் பூட்டலாம். இன்று முடியாததற்கு நாளை இடம் விட்டு வைக்கும் இந்தப் புத்தியைத்தான் அந்தக் கொப்பியில் கண்டு மகிழ்ந்தேன்.

பெற்றோருக்கு எனது தாழ்மையான கருத்து இதுதான். பிள்ளை விளையாட்டுக் கணினி கேட்டால் "ஏன்" என்று அதட்டாமல், "எவ்வளவு, எதற்கு, எங்கே வைப்பாய்" என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. எழுதிக் காட்டும் பிள்ளை, வரவுக்குள் செலவை அடக்கும் கலையை ரியூஷன் இல்லாமலே கற்றுக்கொண்டிருக்கிறான்.

மகள் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்திருக்கிறாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் வயர் கழற்றப்படும். அதுவரை தங்கைக்கும் மேசையில் பாதி நேரம் உண்டு. முதலாவதை அவன் உடனே ஒப்புக்கொண்டான். இரண்டாவதில்தான் இன்னும் இழுபறி.