'ஹெல்த் கோச்' சான்றிதழ்: பணம் கட்டும் முன் யோசியுங்கள்

கோலாலம்பூர் - இரண்டு நாள் வகுப்பு, கையில் சான்றிதழ், வீட்டிலிருந்தே வருமானம். 'ஹெல்த் கோச்' ஆகலாம் என்று அழைக்கும் இத்தகைய விளம்பரங்கள் புலனக் குழுக்களில் வலம் வருகின்றன.

இந்தச் சேவைக்கான தேவை உண்மையானதுதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. 2019 ஆய்வில் இந்தியர்களிடையே அது பத்துப் பேரில் மூவர் என்ற அளவில் இருந்தது.

கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பது சில நிமிடங்களே. தே தாரிக்கைக் குறைப்பதும் மாலையில் நடப்பதும் அன்றாடம் வீட்டில் வர வேண்டிய மாற்றங்கள். அதற்குத் துணை நிற்பவரே கோச். அவர் மருந்து எழுதித் தருவதில்லை. காது கொடுத்துக் கேட்டு, நோயாளியே ஒரு சிறு இலக்கை வகுத்துக்கொள்ள உதவுகிறார்.

இந்தத் திறன் இரண்டு நாளில் கைவராது. அமெரிக்காவில் இதற்கான தேசிய வாரியத் தேர்வை எழுத, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு 50 அமர்வுகளை நடத்திய பதிவும் தேவை.

மலேசியாவில் உணவியல் நிபுணர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழும், கவுன்சலர் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டத்தின் கீழும் பதிவு பெற வேண்டும். கோச் என்ற தொழில் இவ்விரு சட்டங்களிலும் இல்லை. ஊட்டச்சத்து மாவு விற்பவர்கூட அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால், பாதிப்பு நோயாளிக்குத்தான்.

ஆகவே, கட்டணம் செலுத்தும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சி எத்தனை மணி நேரம்? மேற்பார்வையின் கீழ் நேரடி அனுபவம் கிடைக்குமா? பொருள் விற்கச் சொல்வார்களா? மூன்றாவதற்குப் பதில் 'ஆம்' என்றால், அது விற்பனை முகவர் வேலை.