அணி ஒருவருக்கு, கடன் ஊருக்கா?

2022 மார்ச்சில் நியூயார்க் மாநில அரசும் ஈரி கவுண்டி (மாவட்டம்) நிர்வாகமும் ஒரு முடிவை அறிவித்தன. பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிய மைதானம் கட்டுவதற்குப் பொதுப் பணத்திலிருந்து 85 கோடி டாலர் தரப்படும். அதில் மாநிலம் 60 கோடி, கவுண்டி 25 கோடி. அணியின் உரிமையாளர் டெர்ரி பெகுலா இயற்கை எரிவாயுத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பஃபலோ நகரிலோ நான்கில் ஒருவர் வறுமையில் வாழ்கிறார். அடுத்த ஆண்டு நாஷ்வில் நகரம் தன் கால்பந்து அணியின் மைதானத்துக்கு மாநிலத்தோடு சேர்ந்து 126 கோடி டாலர் ஒதுக்கியது. லாஸ் வேகஸ் 2016-லேயே 75 கோடி தர இசைந்திருந்தது.

ஒவ்வொரு முறையும் மேயர்களும் ஆளுநர்களும் வணிகர் சங்கங்களும் ஒன்றையே சொல்கிறார்கள்: "இது செலவில்லை, முதலீடு. அணி இருந்தால் ஊர் வளரும்." நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்த பொருளியலாளர்கள் கண்டது வேறு. ஜான் சார்ல்ஸ் பிராட்பரி, டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் ஆகிய மூவரும் 30 ஆண்டுகளில் வெளிவந்த 130-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மைதானங்களுக்குக் கொடுக்கப்படும் மானியத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு ஊருக்கு வருமானம் வருவதில்லை என்பதே அவர்கள் முடிவு. அரசியல் சார்பு எதுவானாலும் பொருளியலாளர்கள் இந்த அளவுக்கு ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு. இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"ஆட்டம் நடந்தால் ஊரில் பணம் புழங்கும்"

மைதானம் நிரம்பி வழிவதைப் பார்த்தால் இது மறுக்கமுடியாத உண்மைபோலத் தோன்றும். ஆனால் டிக்கெட் வாங்குவோரில் பெரும்பாலோர் அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்களே. பொழுதுபோக்குக்கு ஒரு குடும்பம் ஒதுக்கும் பணத்துக்கு ஓர் அளவு உண்டு. மைதானத்தில் செலவழித்த குடும்பம் அந்த மாதம் சினிமாவுக்கோ உணவகத்துக்கோ போவதைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு தெருவில் வியாபாரம் கூடுகிறது, இன்னொரு தெருவில் குறைகிறது. மொத்தத்தில் ஊருக்குப் புதிதாக வருவது கொஞ்சமே.

அந்தக் கொஞ்சமும் ஊரில் தங்குவதில்லை. உணவகத்தில் செலவான பணம் அங்கே வேலை செய்பவரின் சம்பளமாகி, பக்கத்து மளிகைக் கடைக்குப் போகும். மைதானத்தில் செலவான பணத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரர்களுக்கும் உரிமையாளருக்கும் போகிறது. ஆட்டக்காரர்களில் பலர் பருவம் முடிந்ததும் வேறு மாநிலத்தில் உள்ள தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதோடு, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணி ஒன்று தன் ஊரில் ஆடும் லீக் ஆட்டங்கள் ஆண்டுக்கு எட்டோ ஒன்பதோதான்.

இதைச் சோதிக்க வரலாறே சில வாய்ப்புகளைத் தந்தது. 1982-லும் 1987-லும் கால்பந்து வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1994 ஆகஸ்டில் தொடங்கிய பேஸ்பால் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. அணிகளால்தான் ஊர் பிழைக்கிறது என்றால் அந்த மாதங்களில் அந்த நகரங்களின் வருமானம் சரிந்திருக்க வேண்டும். கோட்ஸும் ஹம்ஃப்ரீஸும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எந்தச் சரிவையும் காணவில்லை. ஆட்டம் நின்றபோது மக்கள் அந்தப் பணத்தை உள்ளூரிலேயே வேறு வழியில் செலவிட்டார்கள்.

"வேலை கிடைக்கும்"

கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கிறது என்பது உண்மை. அதே பணத்தில் பள்ளிக்கூடமோ குடிநீர்க் குழாயோ பாலமோ அமைத்தாலும் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் அதே வேலை கிடைக்கும். வேலை முடிந்த பிறகு ஊரார் தினமும் பயன்படுத்தும் ஒன்று மிஞ்சும். மைதானம் திறந்த பின் உருவாகும் வேலைகளில் பெரும்பாலானவை ஆட்ட நாளில் மட்டும் உள்ளவை: டிக்கெட் சரிபார்ப்பது, தின்பண்டம் விற்பது, கார்களை நிறுத்த வழிகாட்டுவது, குப்பை அள்ளுவது. குடும்பம் நடத்த அந்தச் சம்பளம் போதாது.

"வரி மிகச் சிறியது, அதையும் வெளியூர்க்காரர் கட்டுகிறார்"

வரி சிறியது என்பவர்கள் சின்சினாட்டியைப் பார்க்க வேண்டும். 1996 மார்ச்சில் அந்நகரம் இருக்கும் ஹேமில்டன் கவுண்டியில் வாக்கெடுப்பு நடந்தது. கால்பந்துக்கு ஒன்று, பேஸ்பாலுக்கு ஒன்று என இரண்டு மைதானங்கள். அதற்காக விற்பனை வரி டாலருக்கு அரை சென்ட் கூடும். பதிலுக்கு வீட்டு உரிமையாளர்களின் சொத்து வரியில் சலுகை கிடைக்கும் என்று வாக்குறுதி தரப்பட்டது. மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 2000-இல் கால்பந்து மைதானமும் 2003-இல் பேஸ்பால் மைதானமும் திறக்கப்பட்டன.

ஊரின் கால்பந்து அணியான பெங்கால்ஸோடு கவுண்டி போட்ட குத்தகை ஒப்பந்தத்தில்தான் சுமை ஒளிந்திருந்தது. பராமரிப்புச் செலவில் பெரும்பகுதி கவுண்டியின் தலையில் விழுந்தது. மற்ற ஊர் மைதானங்களில் புதிய வசதிகள் வந்தால் அவற்றை இங்கேயும் செய்து தரும் கடமையும் சேர்ந்துகொண்டது. விற்பனை வரி எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. 2008-இன் பொருளாதார வீழ்ச்சி நிலைமையை மேலும் மோசமாக்கியது. மைதானக் கணக்கில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, வாக்களித்திருந்த சொத்து வரிச் சலுகையைக் கவுண்டி வெட்டியது; பிற சேவைகளைக் குறைத்தது; தன் பொது மருத்துவமனை ஒன்றையே விற்றது. அரை சென்ட் வரி கடைசியில் நோயாளியின் படுக்கையைத் தொட்டது. விற்பனை வரி இயல்பிலேயே ஏழையை அதிகம் வாட்டுவது. கிடைக்கும் வருமானத்தை எல்லாம் செலவழித்தே வாழவேண்டியவர் அவர்தானே.

லாஸ் வேகஸின் வாதம் இதைவிடக் கெட்டியானது. அங்கே 75 கோடியும் விடுதி அறை வரியிலிருந்து வருகிறது. ஆட்டம் பார்க்க வெளியூரிலிருந்து வருவோரும் அங்கே மற்ற நகரங்களைவிட அதிகம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் விடுதி வரி பொதுப் பணம்தான். பள்ளிக்கும் போக்குவரத்துக்கும் போயிருக்கக்கூடியது மைதானத்துக்குப் போகிறது. 2020-இல் பெருந்தொற்று வந்து விடுதிகள் காலியானபோது, கடன் தவணைக்காகக் காப்பு நிதியில் கைவைக்க நேர்ந்தது. மேலும், உலகச் சுற்றுலா மையமான ஓர் ஊருக்குச் சரிப்படும் கணக்கை பஃபலோவும் சின்சினாட்டியும் தமக்குப் பொருத்திக்கொள்ள முடியாது.

"மைதானத்தைச் சுற்றிப் புதிய நகரமே எழும்"

சில இடங்களில் எழுகிறது. அட்லாண்டாவின் பேஸ்பால் அணி 2017-இல் புறநகரான காப் கவுண்டிக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 30 கோடி டாலர் கவுண்டி கொடுத்தது. மைதானத்தை ஒட்டிக் கடைகளும் விடுதிகளும் அலுவலகங்களும் வந்தன; கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆதரவாளர்கள் இன்று முதலில் காட்டுவது இந்த ஊரைத்தான். ஆனால் அந்தக் கடைகளின் லாபம் முதலில் சேர்வது அணியை நடத்தும் நிறுவனத்திடம். கவுண்டிக்குக் கிடைக்கும் கூடுதல் வரி அது செலுத்தும் கடன் தவணைக்கு ஈடாகவில்லை என்று பிராட்பரி கணக்கிட்டுக் காட்டினார். இந்த ஏற்பாட்டை மக்களிடம் வாக்குக் கேட்காமலே முடித்த கவுண்டித் தலைவர் டிம் லீ, மைதானம் திறப்பதற்கு முன்பே, 2016 தேர்தலில் பதவி இழந்தார்.

"கொடுக்காவிட்டால் அணி போய்விடும்"

மற்ற வாதங்கள் தோற்றாலும் கடைசியில் ஊரை மடக்குவது இந்த அச்சம்தான். சென்னை அணி பெட்டி படுக்கையோடு வேறு ஊருக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளும் என்று நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் அது வழக்கம். 1984 மார்ச் மாத இரவொன்றில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி தன் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸ் போய்விட்டது. அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் பணம் கொடுத்தால் அணி தங்கிவிடுமா? 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து இரண்டு கால்பந்து அணிகள் ஒரே நேரத்தில் கிளம்பின. பொதுப் பணத்தைக் காட்டி ராம்ஸ் அணியைச் செயின்ட் லூயிஸ் இழுத்தது, ரெய்டர்ஸ் அணியை ஓக்லண்ட் இழுத்தது. செயின்ட் லூயிஸில் மாநிலமும் கவுண்டியும் நகரமும் சேர்ந்து கடன் வாங்கி மூடிய அரங்கம் கட்டின, ஆண்டுக்கு 2.4 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. நாட்டின் சிறந்த மைதானங்களில் முதல் கால்பங்குக்குள் அது இருக்க வேண்டும், இல்லையேல் அணி விலகலாம் என்று குத்தகை சொன்னது. பத்தாண்டுகளுக்குள் அரங்கம் பழையதென ஆனது. சுமார் 70 கோடி டாலருக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று 2013-இல் நடுவர்கள் அணியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஊரால் முடியவில்லை. 2016 ஜனவரியில் லீக்கின் அணி உரிமையாளர்கள் 30-க்கு 2 என்று வாக்களித்து ராம்ஸை லாஸ் ஏஞ்சலிஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். அணி போன பிறகும் அரங்கக் கடனை ஊர் கட்டிக்கொண்டிருந்தது. நகரமும் கவுண்டியும் வழக்குப் போட்டு 2021-இல் 79 கோடி டாலர் இழப்பீடு பெற்றன. அது நீதிமன்றப் படியேறிப் பெற்றது, முதலீடு ஈட்டித் தந்ததல்ல. ஓக்லண்டின் கதையும் இதுவே. சுமார் 20 கோடி டாலர் கடன் பத்திரங்கள் வெளியிட்டு மைதானத்தை மாற்றியமைத்தார்கள். ரெய்டர்ஸ் 2020-இல் லாஸ் வேகஸ் போனது. கடன் ஓக்லண்டிலேயே இருந்தது.

இரண்டு அணிகளையும் இழந்த லாஸ் ஏஞ்சலிஸ் என்ன ஆயிற்று? 21 ஆண்டுகள் என்.எஃப்.எல். அணியே இல்லாமல் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாகவே இருந்தது. அந்தக் காலம் முழுவதும் மற்ற ஊர்களின் உரிமையாளர்கள் "இல்லையென்றால் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விடுவோம்" என்று மிரட்டிப் பணம் வாங்கினார்கள். கடைசியில் ராம்ஸ் உரிமையாளர் ஸ்டான் குரோன்கி அங்கே மைதானம் எழுப்பியது பெரும்பாலும் தனியார் பணத்தில்தான். சான் பிரான்சிஸ்கோவிலும் அப்படியே. வாக்காளர்கள் பேஸ்பால் மைதானத்துக்குப் பொதுப் பணம் தர மீண்டும் மீண்டும் மறுத்தார்கள். அணி புளோரிடா போகும் நிலைக்கு வந்தது. பிறகு உள்ளூர்க்காரர்களே வாங்கி 2000-இல் தங்கள் செலவில் மைதானம் கட்டினார்கள். சியாட்டில் 2008-இல் தன் கூடைப்பந்து அணியை இழந்தது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் அதுவே நாட்டில் மிக வேகமாக வளர்ந்த பெருநகரங்களுள் ஒன்று.

இந்த மிரட்டல் ஏன் பலிக்கிறது? அணிகளின் எண்ணிக்கையை லீக் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறது. என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள்தான். ஆசைப்படும் ஊர்கள் அதற்கு மேல். ஊர்களை ஒன்றோடொன்று மோதவிட்டு விலையை ஏற்றுவது எளிது. ஆனால் அந்தப் பணம் அணிகளுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் ஒரே அணியான கிரீன் பே பேக்கர்ஸ், 2024-இல் முடிந்த நிதியாண்டில் லீக்கின் பொது வருமானத்திலிருந்து தனக்கு 40 கோடி டாலருக்கு மேல் வந்ததாகக் காட்டியது. இந்தப் பங்கு எல்லா அணிகளுக்கும் சமம். ஒரு டிக்கெட்கூட விற்பதற்கு முன் கையில் இவ்வளவு இருக்கும் தொழிலுக்கு ஏழை நகரத்தின் வரிப்பணம் எதற்கு?

"பெருமைக்கு விலை உண்டா?"

மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய வாதம் இது. பஃபலோவில் பனி கொட்டும் டிசம்பரில் தாத்தாவும் பேரனும் ஒரே நிறச் சட்டையோடு ஆட்டம் பார்க்கிறார்கள். ஆலைகள் மூடிய ஊரில் எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் சிலவற்றுள் அணி ஒன்று. இந்தப் பற்று உண்மையானது. டிக்கெட் வாங்காதவருக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. பிட்ஸ்பர்க்கில் ஐஸ் ஹாக்கி அணி இருப்பதற்காக எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மக்களிடமே ஆய்வாளர்கள் கேட்டார்கள். கொடுக்கத் தயார் என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் அரங்கம் கட்டும் செலவுக்கு எட்டவில்லை.

பெருமை பொதுச்சொத்து என்றால் அணியிலும் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும். பெகுலா 2014-இல் பில்ஸ் அணியை 140 கோடி டாலருக்கு வாங்கினார். இன்று அதன் மதிப்பு அதைவிட இரு மடங்குக்கும் மேல். புதிய மைதானம் அதை மேலும் உயர்த்தும். அந்த உயர்வில் ஒரு சென்ட்கூட 85 கோடி கொடுத்த மக்களுக்கு இல்லை. கிரீன் பேயில் ஊராரே பங்குதாரர். அதனால் அந்தச் சிறிய ஊரை விட்டு அணியைக் கிளப்ப யாராலும் முடியாது. இனி எந்த அணியும் அப்படி ஊர்ச் சொத்தாக முடியாதபடி லீக் விதி போட்டுவிட்டது. அன்பை ஊரிடம் வாங்கிக்கொண்டு உரிமையைத் தர மறுக்கும் ஏற்பாடு இது.

ஆகவே நகரங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. பொதுப் பணம் கேட்கும் அணி முதலில் தன் கணக்கை வெளியிட வேண்டும். மக்கள் வாக்களிக்காமல் ஒரு சென்ட்கூடப் போகக்கூடாது. பணம் கொடுத்தால் அணியை விற்கும்போது வரும் லாபத்தில் பங்கு வேண்டும். கடன் தீரும் முன் அணி கிளம்பினால் மீதிக் கடனை உரிமையாளர் அடைக்க வேண்டும். ஒஹையோ மாநிலம் 1996-லேயே ஒரு சட்டம் இயற்றியது: வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி ஊரை விட்டுப் போக நினைத்தால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லி, உள்ளூர்க்காரர் வாங்குவதற்கு வாய்ப்புத் தர வேண்டும். கொலம்பஸ் நகரின் சாக்கர் அணியைத் தக்கவைக்க நடந்த போராட்டத்தில் அந்தச் சட்டம் கைகொடுத்தது. எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்றினால் உரிமையாளரின் மிரட்டலுக்குப் பாதி வலிமை போய்விடும்.

தன் அணியைக் கொண்டாடும் உரிமை ஒவ்வோர் ஊருக்கும் உண்டு. ஆனால் லாபம் முழுதும் ஒருவருக்கு, நட்டம் முழுதும் ஊருக்கு என்ற ஒப்பந்தத்தில் எந்த மேயரும் மக்கள் பெயரால் கையெழுத்திடக் கூடாது. மருத்துவமனையை விற்றுக் காப்பாற்ற வேண்டிய மைதானம் ஊருக்குத் தேவையில்லை.